மேடைகள் போதும்; பட்டறைகள் வேண்டும்!

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் பருவத்தில் நம் ஊர்களில் ஒரு விழா நடைபெறுகிறது. அதற்குக் 'கல்வி வழிகாட்டு முகாம்' என்று பெயர். ஊரின் பெரிய திருமண மண்டபத்தில் மேடை அமைக்கப்படும். கிராஅத்துடன் கூட்டம் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, சிறப்புரை, வாழ்த்துரை எனப் பத்துப் பேர் பேசுவார்கள். பேசுவோர் அனைவருக்கும் பொன்னாடை போர்த்தப்படும். மண்டப வாயிலில் தனியார் கல்லூரிகள் கடை விரித்து, வண்ண வண்ணத் துண்டுப் பிரசுரங்களைப் பிள்ளைகளின் கைகளில் திணிக்கும். நண்பகலில் நன்றியுரை, அதன்பின் விருந்து. மறுநாள், 'இளைஞர்களிடையே பொறியியல் ஆர்வத்தைத் தூண்டினோம்' என்று படத்துடன் செய்தி வரும்.

எத்தனை பேரிடம் தூண்டினோம்? எதைத் தூண்டினோம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை சொல்ல எவரும் முன்வருவதில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியுள்ளது. நல்ல எண்ணத்துடன் உழைப்பவர்களின் மனம் புண்படுமே எனத் தயங்கிப் பல்லாண்டுகள் வாளாவிருந்தோம். நம் மௌனத்தால் பயனடைந்தவர்கள் துண்டுப் பிரசுரக்காரர்களே என்பதைக் கண்டபின், இனியும் வாய்மூடி இருப்பது குற்றமென உணர்கிறோம்.

ஒரு துண்டுச் சீட்டு

கடற்கரை ஊர் ஒன்றில் நடைபெற்ற இத்தகைய முகாமொன்றுக்கு நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். உரைகள் முடியும் தறுவாயில், 'ஐயம் இருப்போர் எழுதி அனுப்பலாம்' என்று அறிவித்தார்கள். பெண்கள் பகுதியிலிருந்து மடித்த சீட்டு ஒன்று வந்தது. தன் ராத்தாவுடன் வந்திருந்த எட்டாம் வகுப்புச் சிறுமி எழுதியது. 'பொறியாளர் என்பவர் காலை முதல் மாலை வரை என்ன வேலை செய்வார்?' இதுதான் கேள்வி.

மேடையிலிருந்தோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். தலைவர் புன்னகை புரிந்து, 'நல்ல கேள்வி. நேரமின்மையால் பிறகு பார்ப்போம்' என்று சொல்லிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன் பின்னரும் இருவர் வாழ்த்துரை வழங்க நேரம் இருக்கத்தான் செய்தது. மேடையில் வீற்றிருந்த நாமும் எழுந்து விடை சொல்லவில்லை. இக்கட்டுரையின் கண்டனத்தில் எமக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

அந்த மண்டபத்தில் அன்று பேசப்பட்டவை யாவை? எந்தப் பிரிவுக்கு எவ்வளவு மதிப்பெண், எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு கட்டணம், எந்த நாட்டில் எவ்வளவு சம்பளம் என்பவையே. கேட்டவற்றுள் உயிருள்ள கேள்வி அந்தச் சிறுமியினுடையது ஒன்றே. அதற்குத்தான் விடை கிடைக்கவில்லை. ஒரு தொழிலில் நாள் முழுதும் என்ன செய்வார்கள் என்பதை அறியாத பிள்ளையிடம் அத்தொழிலில் ஆர்வம் எப்படிப் பிறக்கும்? பிறப்பது ஆர்வமன்று, ஆசை. ஆசை சம்பளத்தின்மீது, ஆர்வம் வேலையின்மீது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே நம் முகாம்களின் முதற்பிழை.

கலாம் இழந்த ஆண்டுகள்

இத்தகைய மேடைகளில் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் பெயர் ஒலிக்காமல் இருப்பதில்லை. 'கலாமைப் போல் ஆகுங்கள்' என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கலாம் எப்படிக் கலாம் ஆனார் என்பதை நாம் படித்திருக்கிறோமா?

1931இல் இராமேசுவரத்தில் பிறந்த அவர் ஐந்தாம் வகுப்புப் பயிலும்போது, சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் பறவை பறப்பதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். மாணவர்களுக்கு விளங்கவில்லை. அவர் கோபிக்கவில்லை, பிள்ளைகளைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்றார். சிறகு எப்படி அடிக்கிறது, வால் எப்படித் திருப்புகிறது என்று பறவைகளையே காட்டினார். தம் வாழ்வின் திசையை நிர்ணயித்தது அந்த மாலைப்பொழுதுதான் என்று பிற்காலத்தில் கலாம் கூட்டங்கள் பலவற்றில் நினைவுகூர்ந்தார். பொன்னாடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, விருந்து இல்லை. ஓர் ஆசிரியரும் ஒரு கடற்கரையும் மட்டுமே இருந்தன.

அதே கலாமின் வாழ்வில் இன்னொரு பாடமும் உண்டு. அதை நம் பேச்சாளர்கள் சொல்வதில்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தபோது உயர்கல்வியில் வேறு வழிகள் உண்டென்பதே தமக்குத் தெரியாது என்று தம் தன்வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். இயற்பியல் பட்டப்படிப்பின் இறுதியில்தான் தமக்கு வேண்டியது பொறியியல் என்று உணர்ந்தார். இண்டர்மீடியட் முடித்தவுடனேயே அதில் சேர்ந்திருக்கலாமே என்று வருந்தினார். அப்பேர்ப்பட்ட அறிவாளியே சொல்வாரின்றிச் சில ஆண்டுகளைச் சுற்றுவழியில் கழித்தாரென்றால், சாதாரணப் பிள்ளைகளின் கதி என்ன? அவர்களுட் பலர் அந்தச் சுற்றுவழியிலிருந்து திரும்பி வருவதேயில்லை.

பின்னர்ச் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தபோது, கட்டணத்திற்குத் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தவர் சகோதரி ஸொஹரா. அக்கல்லூரியில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்த பழைய விமானங்கள் இரண்டின் அருகே, மற்ற மாணவர்கள் போனபின்னும் அவர் நெடுநேரம் அமர்ந்திருப்பாராம். கடற்கரையில் கண்ட பறவை, சகோதரியின் வளையல், தொட்டுப் பார்க்க ஒரு விமானம்: இம்மூன்றும் சேர்ந்து ஒரு பொறியாளரை உருவாக்கின. இம்மூன்றில் எதை நம் முகாம் அளிக்கிறது?

பெருமை மட்டும் நமதோ?

2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஆதித்யா எல்-1 விண்கலம் ஏவப்பட்டது. 2024 சனவரி 6இல், பூமியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை அது அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அம்மையார். நெல்லை அரசினர் பொறியியற் கல்லூரியில் மின்னணுவியல் பயின்று, 1987இல் விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தவர். செய்தி வந்த அன்று நம் வீடுகளிலெல்லாம் மகிழ்ச்சி பொங்கிற்று. 'நம் பெண்' என்று உரிமை கொண்டாடினோம்.

உரிமை கொண்டாடுவது எளிது. அவரைப் படிக்க வைத்தது அவருடைய பெற்றோர்; பயிற்றுவித்தது அரசினர் கல்லூரி. சமுதாயம் என்ற பெயரில் நாம் அதற்குச் செய்தது என்ன? இன்று அவரைப் பாராட்டும் நம்மிடம், கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண் ஒருத்தி, 'நான் இயந்திரவியல் படிக்கிறேன்' என்று சொன்னால், 'பெண்பிள்ளைக்கு அது எதற்கம்மா?' என்று கேட்கும் உம்மாமார்களும் வாப்பாமார்களும் எத்தனை பேர்!

ஆப்கானிஸ்தானத்துச் சிறுமியரின் கதையையும் நினைவூட்ட விரும்புகிறோம். 2017இல் வாஷிங்டனில் நடந்த உலக இயந்திர மனிதப் போட்டிக்குச் செல்ல அந்நாட்டுப் பள்ளிச் சிறுமியர் குழு விண்ணப்பித்தது. இருமுறை விசா மறுக்கப்பட்டது. இறுதியில் அனுமதி பெற்றுச் சென்று, துணிவுக்கான வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பினர். 2020இல் கொள்ளைநோய் பரவியபோது, பழைய டொயோட்டா கார்களின் உதிரிப் பாகங்களைக் கொண்டு குறைந்த செலவில் மூச்சுக்கருவி ஒன்றை உருவாக்க முனைந்தது அதே குழுதான். 2021இல் ஆட்சி மாறியபின் அவர்களுட் பலர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. போரும் வறுமையும் சூழ்ந்த மண்ணில் சிறுமியர் கையில் திருப்புளி கொடுக்க ஆளிருந்தார்கள். அமைதியும் பள்ளிக்கூடமும் பேருந்தும் உள்ள நம் ஊர்களில் அதற்கு ஆளில்லையா?

அல் ஜஸரீயைப் புகழ்வோருக்கு

பழம்பெருமை பேசுவதில் நமக்கு நிகர் நாமே. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் பனூ மூஸா சகோதரர் மூவர் நூதனக் கருவிகளைப் பற்றி நூல் இயற்றினர். 1206இல் அல் ஜஸரீ தம் பொறிகளின் நூலை முடித்தார். நீரிறைக்கும் இயந்திரங்கள், நீர்க் கடிகாரங்கள் என ஐம்பது கருவிகள் அதில் விளக்கப்பட்டுள்ளன. மேடைகளில் இவற்றைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம்.

ஆனால் அந்நூலின் சிறப்பு எதில் உள்ளது? தாம் செய்து பார்த்தவற்றை, இன்னொரு கைவினைஞர் மீண்டும் செய்யத்தக்கவாறு, அளவுகளோடும் படங்களோடும் அவர் எழுதி வைத்தார். அது கைகளுக்காக எழுதப்பட்ட நூல். அதை நாவுக்குரிய பொருளாக மாற்றிய பெருமை நம்முடையது. அல் ஜஸரீ இன்று நம் முகாமொன்றுக்கு வந்தால், 'கருவிகள் எங்கே?' என்றுதான் முதலிற் கேட்பார். நாம் அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தி உட்கார வைத்துவிடுவோம்.

ஆட்சேபணைகளும் விடைகளும்

'பொறியியல் படித்தவன் வேலையின்றி அலைகிறானே, இன்னும் ஏன் பிள்ளைகளை அதற்குத் தூண்ட வேண்டும்?' என்பது முதல் ஆட்சேபணை. நியாயமான கேள்வி. 1984ஐ ஒட்டித் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் தோன்றத் தொடங்கின. கீழக்கரையிலும் வண்டலூரிலும் நம் சமுதாயப் பெருமக்களும் அவ்வாண்டில் கல்லூரிகள் நிறுவினர். அது போற்றத்தக்க பணி. பின்னர் எங்கெங்கும் கல்லூரிகள் பெருகி, இடங்கள் நிரம்பாமல் பல மூடப்பட்டதையும் கண்டோம். வேலையின்றி அலைவோருள் பெரும்பாலோர் யார்? தாம் படிக்கும் துறை இன்னதென்று அறியாமல், பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்பதற்காகவும், இடம் கிடைத்தது என்பதற்காகவும் சேர்ந்தவர்கள். முன்கூட்டியே அவர்களைப் பட்டறையில் நிறுத்தியிருந்தால், பாதிப் பேர் 'இது எனக்கு வேண்டா' என்று சொல்லியிருப்பார்கள். அதுவும் வெற்றியே! நல்ல முகாம் என்பது கல்லூரிக்கு ஆள் பிடிப்பதன்று. பிள்ளை தன்னைத் தானே கண்டுகொள்ளச் செய்வது. 'ஆம்' என்று சொல்லவும் 'இல்லை' என்று சொல்லவும் அதற்கு உரிமை தருவது. கல்லூரிகளின் செலவில் நடக்கும் முகாமில் 'இல்லை' என்ற விடைக்கு இடமேது?

'நம் தொழில் வணிகம், நமக்கெதற்குப் பொறியியல்?' என்பது இரண்டாவது. வணிகம் செய்தோம், மறுக்கவில்லை. அந்த வணிகத்திற்கே பொறியியல் தேவைப்பட்ட வரலாற்றைப் பாலாற்றங்கரையில் பார்க்கலாம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலில் நம்மவர் பங்கு பெரிது. தோல் கெடாதிருக்க இடும் உப்பும், பதனிடப் பயன்படும் குரோமியமும் கழிவுநீரோடு நிலத்திலும் கிணறுகளிலும் இறங்கின. 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம், மாசு விளைவித்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் சுத்திகரிப்பு நிலையமின்றித் தொழிலே இல்லை என்றாயிற்று. குரோமியத்தைப் பிரித்தெடுப்பது, உப்புநீரைச் சவ்வின் வழியே அழுத்தி வடிப்பது, மிச்சத்தைக் காய்ச்சி உலர்த்துவது எல்லாம் பொறியியல். அன்னையர் குடத்தில் கொண்டுவரும் தண்ணீரைக் காக்கும் கல்வி அது. வணிகனுக்குத் தேவையில்லாத கல்வியா அது?

'அரசாங்கமே செய்கிறதே' என்பது மூன்றாவது. செய்கிறது; மறைக்க வேண்டியதில்லை. 2016 முதல் மத்திய அரசு நாடெங்கும் சுமார் 10,000 பள்ளிகளில், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக அடல் ஆய்வுக்கூடங்களை அமைத்தது. ஒரு பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய் வரை மானியம். 2022 மார்ச்சில் தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும் நாம் பார்த்த பள்ளியொன்றில், ஆய்வுக்கூடத்தின் பூட்டில் துரு ஏறியிருந்தது. சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது; கருவி உடைந்துவிடுமோ என்ற அச்சமும் அவரிடமே இருந்தது. உடையாத கருவியால் யார் கற்றார்? ஆண்டுக்கொருமுறை அதிகாரி வரும்போது மட்டும் திறக்கப்படும் அறையைக் கேள்வி கேட்கும் கடமை யாருக்கு? அப்பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் நம் சமுதாயத்தவரும் இருந்தனர். ஒருவரும் கேட்கவில்லை. கதவு திறந்திருந்தும் நுழையாதவன், கதவு இல்லை என்று புலம்பலாகாது.

தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு மாநிலச் சராசரியைவிட உயர்ந்திருப்பதை 2001 கணக்கெடுப்பே காட்டியது. ஆனால் நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் 25 பேரில் ஒருவரும், முதுநிலையில் 50 பேரில் ஒருவருமே முஸ்லிம் என்று 2006இல் சச்சார் குழு சொன்னது. எழுத்தறிவிலிருந்து உயர்கல்விக்குச் செல்லும் பாதையில் எங்கோ நம் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையில்தான். நம் முகாமோ பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் கூடுகிறது. பயிர் வாடியபின் வாய்க்கால் வெட்டுகிறோம்.

என்ன செய்ய வேண்டும்?

குறை கூறியவர் வழியும் கூறக் கடமைப்பட்டவர். நாம் கேட்பவை பெரிய செலவுக்குரியவை அல்ல.

முதலாவது, ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். ஆண்டுக்கொரு விழா வேண்டா. மாதமொரு சனிக்கிழமை போதும். மதரஸாக் கூடமோ பள்ளிக்கூடத் தாழ்வாரமோ கிடைத்தால் சரி. ஒரு நீண்ட மேசை. அதன்மேல் ஓடாத மிக்சி, பழைய மின்விசிறி, கைவிடப்பட்ட தையல் இயந்திரம், எரிந்துபோன நீரேற்று மோட்டார். பிள்ளைகள் கழற்றட்டும், பூட்டத் தெரியாமல் விழிக்கட்டும், மீண்டும் முயலட்டும். மின் இணைப்பு மட்டும் பெரியவர் பொறுப்பில் இருக்கட்டும்.

இரண்டாவது, ஊரிலுள்ள கைத்திறனாளர்களை அழையுங்கள். மின்பணியாளர், லேத் பட்டறைக்காரர், விசைப்படகு மெக்கானிக் ஆகியோரை நம் மேடைகள் ஒருநாளும் ஏற்றியதில்லை. மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் கண்டென்சரை மாற்ற வேண்டும் என்பது மின்பணியாளருக்குத் தெரியும். 'அதை மாற்றினால் ஏன் வேகம் வருகிறது?' என்று ஒரு பிள்ளை கேட்கும் கணத்தில் பொறியியல் பிறக்கிறது. வீட்டிற்கு வரும் ஒற்றை மின்னோட்டத்தால் மட்டும் விசிறி தானாகச் சுழலத் தொடங்காது. இரண்டாவது கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டத்தைக் கண்டென்சர் சற்று முன்தள்ளுவதால்தான் சுழற்சி பிறக்கிறது என்று விளக்க, ஊரிலிருந்து படித்து வெளியேறிய பொறியாளர் ஒருவர் விடுமுறையில் வரட்டும். கைத்திறனும் கணக்கும் ஒரே மேசையில் சந்திக்கட்டும்.

மூன்றாவது, பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். இராமநாதபுரம் மாவட்டத்தாருக்குப் பாம்பனைவிடச் சிறந்த பாடசாலை ஏது? 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தின் நடுப்பகுதி இரு புறமும் மேல்நோக்கி விரிந்து கப்பலுக்கு வழிவிட்டது. 1964 டிசம்பர்ப் புயல் அதைச் சிதைத்தபோது, ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக மேலெழும்புகிறது. ஏன் முறை மாறிற்று? உப்புக்காற்றில் இரும்பு என்னாகிறது? இவற்றைக் கரையில் நின்று கேட்கும் பிள்ளைக்குத் தனியாக ஊக்கவுரை தேவையில்லை. வடாற்காட்டாருக்குப் பாலாற்றின் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. எந்த ஊருக்கும் ஒரு கடற்கரை உண்டு. அழைத்துச் செல்லும் சிவசுப்பிரமணிய ஐயர்தான் இல்லை.

நான்காவது, பெண்பிள்ளைகளை உம்மாமார்களோடு அழையுங்கள். கடைசி வரிசையில் அல்ல, மேசையருகே.

ஐந்தாவது, வழிகளை விளக்குங்கள். பத்தாம் வகுப்புக்குப்பின் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தால் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தமிழகத்தில் இருக்கிறது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், அதில் சேர்வோர்க்கு அரசே கட்டணம் செலுத்தும் ஏற்பாடும் வந்துள்ளன. அரசுப் பள்ளி என்றாலே முகம் சுளித்து, கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

ஆறாவது, கணக்கு வையுங்கள். மூன்றாண்டுகள் கழித்து, மேசையருகே நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் எங்கே பயில்கிறார்கள், எத்தனை பேர் வேறு வழி தேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று ஜமாஅத்தின் ஏட்டில் எழுதுங்கள். சந்தா பாக்கியை எழுத நம்மிடம் ஏடு உண்டு. பிள்ளைகள் பாக்கியை எழுதத்தான் ஏடில்லை.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு, நம் நிக்காஹ் விருந்துகளில் ஒரு பந்திக்கு ஆகும் செலவைத் தாண்டாது. எனவே பணமில்லை என்று சொல்ல வேண்டா. மனமில்லை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

சீட்டுக்கு விடை

சட்டைப்பையில் மடித்து வைக்கப்பட்ட அந்தச் சீட்டுக்கு, காலம் கடந்தேனும், இங்கே விடை கூறுகிறோம். மகளே! பொறியாளர் காலையில் ஒரு பொருளை அளக்கிறார். கணக்கிடுகிறார்; வரைகிறார். வரைந்ததைச் செய்து பார்க்கிறார். பெரும்பாலும் அது முதன்முறை சரிவராது. எங்கே பிழை என்று தேடுகிறார். இது முறிந்தால் யாருக்குத் தீங்கு வரும் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார். மாலையில் முன்பிருந்ததைவிடச் சற்றே நன்றாக அமைந்ததைக் கண்டு வீடு திரும்புகிறார். மறுநாள் மீண்டும் தொடங்குகிறார்.

இது உனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்பதை நாங்கள் சொல்ல முடியாது. நீயே தொட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அதற்கு ஒரு மேசையை உன் ஊரில் போட்டுத் தரும் கடமை எங்களுடையது. அக்கடமையை இதுவரை செய்யாமலிருந்தமைக்கு உன்னிடம் வருந்துகிறோம். இனியேனும் செய்ய வல்ல இறைவன் எங்களுக்குத் தௌஃபீக் செய்வானாக!